ஆறு ஐந்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

கனகவல்லிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. நாளை கோர்ட்டில் அவள்தான் சாட்சி. போன வருஷம் இதே டிசம்பரில், செம்பாக்கம் ஏரிக்கரை ரோட்டில், அவளுக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்த தம்பி குப்புராஜின் காலை எதிரே வந்த ஸ்கூட்டர் ஒன்று முறித்துவிட்டு நிற்காமல் பறந்தது. ஓட்டியவன் பக்கத்துத் தெரு சின்னப்பன் என்று போலீஸில் சொன்னவள் அவள். அந்த ஒரு சொல்லில்தான் கேஸே நின்றது.

"அஞ்சே முக்காலுக்கு சூரியன் மறைஞ்சாச்சு, ஆறு அஞ்சுக்கு முகம் எப்படிம்மா தெரிஞ்சதுன்னு மடக்குவாங்க" என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

கணக்கு டீச்சரையா மடக்குவது? நோட்டில் அடிவானத்துக்கு ஒரு கோடு போட்டாள். இருபது நிமிஷத்தில் சூரியன் கோட்டுக்குக் கீழே ஐந்து டிகிரி போல இறங்கியிருக்கும். ஆறு டிகிரிவரை உயரத்துக் காற்றில் வெயில் பட்டுச் சிதறிக்கொண்டே இருக்கும். ஆள் முகம் தாராளமாகத் தெரியும்.

கணக்கு சரி. மனசு மட்டும் அடங்கவில்லை. சாயங்காலம் தம்பியை இழுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். ஸ்கூட்டர் வந்த திருப்பத்தில், கைத்தடியோடு அவனை நிறுத்தினாள். மணி ஆறு ஐந்து.

"தெரியுதாக்கா?"

"ஜம்முன்னு தெரியுதுடா."

"நான் இன்னா பண்றேன்?"

"நிக்கிறே."

"நாக்க நீட்டிகினு கீறேன்க்கா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். உருவம் கத்தரித்து வைத்ததுபோல் தெளிவு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. அவனுக்குப் பின்னால் மேற்கு வானம் சிவந்து கிடந்தது.

பக்கவாட்டில் மட்டும்தானே படம் போட்டிருந்தாள். இப்போது மேலிருந்து பார்ப்பதுபோல் போட்டாள். சூரியன், அவன், அவள், மூன்றும் ஒரே நேர்கோடு. வெளிச்சமெல்லாம் அவன் முதுகில். அவனைத் தன்னைத் தாண்டிப் போய்த் திரும்பி நிற்கச் சொன்னாள். மூக்கோரத்து மச்சம்கூடத் தெரிந்தது.

அப்படியானால் சின்னப்பன்? அன்று அவள் பார்த்தது கூன் போட்டு உட்கார்ந்த உருவம் மட்டும். மனசில் இருந்தது அதற்கு முந்தின வாரம் சாக்கடைத் தண்ணீருக்காக அவனோடு போட்ட சண்டை. முகத்தை அவளே வைத்துவிட்டிருக்கிறாள்.

"நாளைக்கு இன்னா சொல்லப்போற?"

"வெளிச்சம் இருந்தது, முகம் தெரியலைன்னு சொல்லுவேன்."

குப்புராஜ் கைத்தடியால் சரளையைக் குத்திக்கொண்டே நின்றான். "வண்டி தாண்டிப் போச்சே, அப்ப பின்னாடி நம்பராவது? அந்தப் பக்கம்தான் வெளிச்சம்னு இப்ப நீயே காட்டினியே."

"நல்லாவே தெரிஞ்சிருக்கும்டா" என்றாள். "அப்ப நான் உன் காலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."