கப்பலேறிய தராசு

நான் எடை போடுகிறவள். பத்தொன்பது வருஷமாக லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை. சரக்கோடு லாரி மேடையில் ஏறி நிற்கும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். டிரைவர்கள் நேரில் தராசக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள். சொல்லட்டும். எடையைக் கூட்டிக் காட்டக் கிளீனரை இருக்கைக்கு அடியில் படுக்க வைத்துக்கொண்டு வருகிறவன், டேங்க் நிறையத் தண்ணீரோடு வருகிறவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. என் ஜன்னலுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: வண்டி அசையக் கூடாது, எஞ்சினை அணைக்க வேண்டும், டிரைவர் கீழே இறங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சீட்டு கிடையாது.

இப்படிப்பட்ட நான்தான் என் கொழுந்தனைக் கப்பலில் வைத்து எடை போட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்துக் கிடக்கிறார். ஊசி குத்துவதற்கென்று இடது கையில் தயார் செய்த நரம்பு அடைத்துப்போய், வலது கைக்கு மாற்றினார்கள். அதுவும் இப்போது அடைக்கப் பார்க்கிறது. அவருக்குக் கொடுக்க முதலில் என்னைத்தான் சோதித்தார்கள். பொருந்தவில்லை. அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. யார் மேல் கோபம் என்பதுதான் தெரியவில்லை.

அவருடைய தம்பிக்குப் பொருந்தியது. ஆனால் தம்பி அப்போது தொண்ணூற்றேழு கிலோ. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "எம்பத்தஞ்சுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் நான் கத்தி வைக்க மாட்டேன். அவருக்கும் ஆபத்து. இந்தத் தேதி போச்சுன்னா அடுத்த தேதிக்கு மூணு மாசம்." மூன்று மாசம் என் வீட்டுக்காரரின் கை தாங்காது. தம்பி ஐந்து மாசம் வாயைக் கட்டி, நடையாய் நடந்து எண்பத்து நாலரைக்கு வந்தார். அதற்காக அவரைப் பாராட்டினேனா என்றால், இல்லை. எனக்கு அந்த அரைக் கிலோ மட்டும்தான் கண்ணில் பட்டது.

இந்த நேரத்தில் கப்பல் பயணம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். என் வீட்டுக்காரர் நன்றாக இருந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து திட்டம் போட்டு, இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு அறை பிடித்து வைத்திருந்தார்கள். தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இந்த வாரத்தில் வந்து நின்றது. ஏழு நாள். ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கடைசி எடை, புதன்கிழமை அறுவை. "நாங்க போறதாத்தான் இருக்கோம்" என்றாள் ஓரகத்தி, அதாவது தம்பியின் மனைவி. "அவரு ஒடம்பக் கிழிக்கறதுக்கு முன்னால ஒரு வாரமாவது நான் அவரோட நிம்மதியா இருக்கணும்."

கிழிக்கிறது என்றாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் வீட்டுக்காரர்தான் என்னை அடக்கினார். "நீயும் போ. அவன் தட்டப் பாத்துக்க. இங்க என்னப் பொண்ணு பாத்துக்குவா." இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். பெட்டியில் நான்கு புடவை, அதற்கு நடுவில் என் குளியலறை எடை மெஷின்.

அந்தக் கப்பலைக் கட்டியவன் மனிதன் என்றால் வயிறு மட்டும்தான் என்று நினைத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சோறு. மாடிக்கு மாடி சாப்பாட்டுக்கூடம், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் கொட்டும் குழாய், லிஃப்ட் வாசலில்கூட ஒரு மேஜை போட்டுக் கேக். காலைச் சாப்பாடு முடிந்து வாயைத் துடைப்பதற்குள் பகல் சாப்பாட்டுக்குத் தட்டு அடுக்கிவிடுவார்கள். ஜனங்களும் மூக்கு முட்டத் தின்றுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த வரிசையில் போய் நின்றார்கள். காலியாக வரும் லாரி சரக்கோடு திரும்புவதை தினமும் பார்க்கிற எனக்கே மலைப்பாக இருந்தது.

முதல் நாள் காலையில், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே, தம்பியை என் அறைக்குக் கூப்பிட்டு மெஷினில் ஏற்றினேன். எண்பத்து நான்கு புள்ளி ஆறு. சரி. இரண்டாம் நாள் நடுக்கடலில் ஏற்றினேன். எண்பத்தாறு புள்ளி ஒன்று.

"என்ன தம்பி சாப்ட்டீங்க?"

"ரெண்டு முட்டை அண்ணி. கொஞ்சம் வெள்ளரிக்கா. நீங்கதான பக்கத்துலயே இருந்தீங்க?"

"பக்கத்துல இல்லாதப்ப?"

அவர் இறங்கிப் போனார். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் எந்த வரிசையில் நின்றாலும் பின்னால் நான் நின்றேன். தட்டில் உருளைக்கிழங்கு விழுந்தால் எடுத்தேன். ரொட்டி விழுந்தால் எடுத்தேன். பரிமாறுகிறவர் பாவமென்று ஒரு துண்டு இறைச்சி கூட வைத்தால் அதையும் எடுத்தேன். எடுத்ததை எங்கே போடுவது? உணவைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. என் வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எண்பத்தைந்து புள்ளி மூன்று, நான்காம் நாள் எண்பத்தாறு புள்ளி எட்டு. ஒருநாள் குறைகிறது, மறுநாள் கூடுகிறது. திருட்டுத்தனமாகத் தின்கிறவனுக்குத்தான் எடை இப்படி ஏறி இறங்கும் என்று நான் முடிவு கட்டினேன். திருட்டுக்குத் துணை யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓரகத்தியின் கைப்பை அந்த வாரம் முழுக்க உப்பியிருந்தது. அவர் எடை கூடிவிட்டால் அறுவை நின்றுவிடும், அவள் புருஷன் முழுசாக வீட்டுக்கு வருவான். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். அதனாலேயே அவளைச் சும்மா விட முடியவில்லை. குளியலறைக்குப் போனவள் பையை நாற்காலியில் விட்டுப் போனபோது திறந்து பார்த்தேன். கம்பளிச் சட்டை, வாந்தி மாத்திரை, அவருக்கு ஒரு ஜோடி செருப்பு. தின்பண்டம் இல்லை. இடத்தை மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் கடல் கொந்தளித்தது. நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மெஷினில் ஏறிய தம்பி நிற்க முடியாமல் சுவரில் விரலை ஊன்றினார். "சுவத்தத் தொடாதீங்க" என்று அதட்டினேன். எண்கள் ஓடி, ஓடி, ஒரு இடத்தில் நின்றன. எண்பத்தெட்டு புள்ளி நான்கு.

மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பகல் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் ஒரு கிண்ணம் சூப்போடு வந்து உட்கார்ந்தபோதுதான் வாய் வந்தது. நேராகப் போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினேன். சூப் அவர் சட்டையில் கொட்டியது.

"வெக்கமா இல்ல உனக்கு? உன் அண்ணன் அங்க ஊசி குத்த நரம்பு இல்லாம கெடக்கான், நீ இங்க மறைச்சு மறைச்சுத் தின்னுட்டு இருக்க! குடுக்க மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? அண்ணன் செத்தா சாகட்டும்னு சொல்லேன்!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவரை ஒருமையில் பேசியதே இல்லை. எங்கள் பாஷை தெரியாதவர்கள்கூட முட்கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்பி சட்டையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணி, நேத்து மத்தியானத்துலருந்து நான் எதுவும் சாப்பிடல" என்றார். "பொய்!" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. என் அறைக்கதவை யாரோ உடைப்பது மாதிரி தட்டினார்கள். ஓரகத்தி. உள்ளே வந்தாள், கட்டிலுக்கு அடியில் இருந்த மெஷினைத் துணிப்பையில் போட்டாள். "வாங்கக்கா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பின்னால் போனேன்.

கரையில் இறங்கினோம்; தம்பி அங்கே காத்திருந்தார். சிமெண்ட் தரை, அசையாத தரை. தரை நிற்கிறது என்று என் கால் சொன்ன பிறகுதான், இத்தனை நாளாக நான் எதன் மேல் வைத்து எடை போட்டேன் என்பது மண்டையில் உறைத்தது. ஆடுகிற மேடை. எஞ்சின் அணைக்காத வண்டி. ஒரு லாரிக்கு நான் செய்யாத அநியாயம்.

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். தம்பி ஏறினார். எண்பத்திரண்டு புள்ளி ஒன்பது.

ஐந்து நாளில் ஏறக்குறைய இரண்டு கிலோ இறங்கியிருந்தார். நான் கத்துவேனோ என்று பயந்தே மனுஷன் பட்டினி கிடந்திருக்கிறார்.

"இப்ப நீங்க ஏறுங்கக்கா" என்றாள் ஓரகத்தி.

"நான் எதுக்கு?"

"ஏறுங்க."

ஏறினேன். வீட்டில் கிளம்பும்போது அறுபத்தெட்டு. இப்போது எழுபத்திரண்டு. அவள் குனிந்து, என் ஜன்னலில் நான் படிப்பது மாதிரியே எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வாய்லருந்து புடுங்கினது எல்லாம் இங்கதான் இருக்கு" என்றாள். "இவர ஒரு மனுஷனா நீங்க ஒரு நாளாவது பாத்தீங்களாக்கா? கறிக்கடைல தொங்கறதப் பாக்கற மாதிரி பாத்தீங்க. அஞ்சு மாசமா இவருக்குத் தூக்கமில்ல. பயம். கண்ணு முழிக்காமப் போயிடுவோமோன்னு பயம். எங்கிட்ட மட்டும் சொல்வாரு. அண்ணிகிட்ட சொல்லாத, அவங்க தாங்க மாட்டாங்கம்பாரு." மூச்சு வாங்கினாள். "திங்கக்கெழம டாக்டரம்மா இவர மட்டும் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. யாராவது உங்களக் கட்டாயப்படுத்தறாங்களான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாம் நின்னுடும். ஏன் நின்னுச்சுன்னு ஆஸ்பத்திரில யாருக்கும் சொல்ல மாட்டாங்களாம். ஞாபகம் வச்சுக்கங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்க தம்பி என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. "மெஷின் மேல தப்பு" என்றுதான் வாயில் வந்தது.

திங்கட்கிழமை நர்ஸ் அவரை எடை போட்டாள். "என்னங்க இவ்ளோ எறங்கிட்டீங்க? கப்பல்ல போனவங்க எல்லாம் ஏறித்தான வருவாங்க?" என்று சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. டாக்டரம்மா தம்பியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே ஐந்து நாற்காலி. ஓரகத்தி ஒரு கோடியில், நான் மறு கோடியில். என் வீட்டுக்காரர் நடுவில், வலது கையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு எதுவும் தெரியாது. "உள்ள என்ன இவ்ளோ நேரம்?" என்று இரண்டு தடவை கேட்டார். இந்த மனுஷனை நானே என் நாக்கால் கொன்றுவிட்டேனா என்ற ஒரே நினைப்பு எனக்கு.

தம்பி வெளியே வந்தார். அண்ணனின் தோளைத் தட்டினார், "எல்லாம் சரிண்ணா" என்றார். பிறகு என்னைக் கண்ணால் கூப்பிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிப் போனார். போனேன்.

"ஆமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார் மெதுவாக. "கதவுக் கண்ணாடி வழியா அண்ணன் தெரிஞ்சாரு. இல்லன்னு சொல்லிட்டேன்."

"தம்பி, நான்..."

"வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். புதன்கெழம நீங்க இங்க வரக் கூடாது. முழிக்கறப்போ உங்க மொகத்தப் பாக்க என்னால முடியாது."

என் புருஷனைக் கத்தி வைக்கக் கூட்டிப் போகும்போது நான் பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்காரரிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

புதன்கிழமை மேடையில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து பதினேழு வண்டி. ஒவ்வொரு டிரைவரையும் இறங்கச் சொன்னேன், ஒவ்வொருவனும் முனகினான். பகல் இரண்டரைக்கு மகள் போன் செய்தாள்.

"அம்மா, முடிஞ்சிருச்சு. அப்பா நல்லா இருக்காரு. வச்ச கிட்னி அங்கயே வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சாம்மா."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "சித்தப்பா?"

"முழிச்சிட்டாரு. வலிக்குதுங்கறாரு." கொஞ்சம் தயங்கினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. எனக்குப் புரியலம்மா. எடுத்ததை எடை போட்டாங்களான்னு டாக்டரம்மாவக் கேட்டாரு. அவங்க சொன்னதைத்தான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நூத்தறுபது கிராமாம். 'எட சரியா இருக்கான்னு உங்கம்மாவப் பாத்துக்கச் சொல்லு'ன்னாரு."

போனை வைத்தேன். வெளியே லாரி ஹார்ன் அடித்தது. டிரைவர் தானாகவே எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி, ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"என்ன தராசக்கா, எட நிக்கலியா?"

எண் எப்போதோ நின்றுவிட்டது. எனக்குத்தான் அதைப் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. பத்தொன்பது வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் இந்த மேடையில் இருபது கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும் தெரியாது.