டிக்கி விளக்கு

போன மாதம் மாற்றிய பேட்டரியும் படுத்துவிட்டது என்று அந்தப் பெரியவர் காரோடு என் பட்டறைக்கு வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லோருக்கும் பேட்டரி மேல்தான் பழி. வண்டியை அணைத்துவிட்டு மீட்டரை மாட்டினேன். நின்ற இடத்திலேயே கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருந்தது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிக்கி விளக்கின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் அடங்கியது.

டிக்கிக்குள் ஒரு சக்கர நாற்காலி மடக்கிக் கிடந்தது. அதன் கைப்பிடி இடித்ததால் மூடி முழுதாக மூடாமல், உள்ளே விளக்கு இரவும் பகலும் எரிந்திருக்கிறது.

"இதத் தூக்கி வீட்ல போடுங்க சார், தீந்துச்சு."

"வீட்லதான் இருந்துச்சு தம்பி. அவ போனப்புறம் அது காலியா கெடக்குறதப் பாக்க முடியல."

"அப்ப யாருக்காவது குடுத்துடுங்களேன்!"

அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பல்ப மட்டும் கழட்டிடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில், ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் ஏறவில்லை. பிறகு மெல்லச் சாத்திவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் போனார்.