கொசுக்கள் பட்ட கடன்

ஒட்டுண்ணியியல் துறையின் கொசுக்கள் கொசுக்காரிக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது இரண்டரை லிட்டர் இரத்தம். ஒரு பொம்பளை உடம்பில் ஓடுவதில் பாதிக்கும் மேல். கொசுவுக்கு ஆயுள் ஒரு மாதம். குடித்தவை செத்து, அவற்றின் பேத்திகளும் செத்து, கடன் மட்டும் வம்சத்தில் நின்றது.

பல்கலைக்கழகத்தின் பின்கட்டிடத்தில், குளிர்காலத்திலும் புழுக்கம் மாறாத ஓர் அறையில், வலைக்கூண்டுகளில் அவை வளர்ந்தன. நோய் தொடாத வம்சம். துறையே அவற்றுக்குக் காய்ச்சல் கிருமியைக் கொடுத்து, மருந்தையும் கொடுத்து, எது எதை வெல்கிறது என்று பார்க்கும். பெண்கொசு இரத்தம் குடித்தால்தான் முட்டையிடும். ஆகவே வாரத்துக்கு இருமுறை யாராவது கூண்டின் துணிக்குழாய்க்குள் கையை விட்டு உட்கார வேண்டும். கொசுக்காரி என்று பின்னால் பெயர் வாங்கியவள் முதலில் தரை துடைக்க வந்தவள். ஏழு வயது மகனை அந்தக் கொசுக்காய்ச்சலுக்கே பறிகொடுத்தவள். இங்கே தேடுவது அதற்கான மருந்தைத்தான் என்று தெரிந்த அன்றே துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள். மருந்து வரும்வரை எடுப்பதில்லை என்று முடிவு. பதினேழு வருஷம் போனது. இரண்டு பேராசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள், கூரையை ஒருமுறை மாற்றினார்கள், அவள் நகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

மூன்றாவதாக வந்த பேராசிரியை அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அறைச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரும் காவலாளியும் மாணவர்களும் முறைபோட்டுக் கை கொடுத்தார்கள். கொசுக்கள் வயிறு புடைக்கக் குடித்தன. முட்டை மட்டும் இடவில்லை. இரண்டு நாளில் கறுத்துச் செரிக்க வேண்டிய இரத்தம் பத்து நாளாகியும் செக்கச்செவேலென்று வயிற்றிலேயே நின்றது. முட்டைக் கிண்ணங்களில் வெறும் தண்ணீர். இன்னும் ஒரு வாரம் போனால் வம்சம் அற்றுவிடும், அத்தனை வருஷ வேலையும் அதோடு போகும். காவலாளிதான் அவள் வீடு தேடிப் போய்ச் சொன்னார்.

"ஓசியில குடிச்சிட்டு உன் கொசுங்க முட்டை போட மாட்டேங்குதும்மா. என் சிகரெட் நாத்தம் பிடிக்கல போல. மேடம் ரத்தத்துக்கு என்ன கேடு?"

அவள் நேராக வந்து பூட்டின் முன் நின்றாள்.

"அக்கா, சொன்னா கேளுங்க," என்றார் பேராசிரியை. "இன்னொரு தடவை கை வச்சா உங்க உடம்பு தாங்காது."

"நான் போனா இன்னொருத்தி வருவா மேடம். அதுங்க போனா? மறுபடி முதல்லேர்ந்தா? சாவியக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"அப்போ இங்கயே உக்காந்துக்கறேன். எனக்கு எங்க உக்காந்தாலும் மூச்சு வாங்கத்தான் போகுது."

சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் அசையவில்லை. கடைசியில் சாவி திரும்பியது.

கை உள்ளே போனதும் கொசுக்கள் முண்டாமல் மோதாமல் வரிசையாக இறங்கின. சிவந்த வயிற்றோடு உட்கார்ந்தவை ஒட்டிய வயிற்றோடு எழும்பின. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நிறம் ஏறுவதைப் பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்கு முதலில் வந்த கவலை இரத்த வகை பற்றியது. சோதித்ததில் எல்லாம் அவளுடைய வகையாகவே மாறியிருந்தது. கடனை அடைக்கத்தான் சேர்த்து வைத்திருக்கின்றன என்று புரிந்தபின் அவர் தன் கையை உள்ளே விட்டார். கொசுக்கள் தங்களுக்கென்று குடித்தன. மூன்றாம் நாள் கிண்ணங்களில் முட்டை மிதந்தது.

அதுவே துறையின் நடைமுறையானது. மற்றவர்கள் கை, பிறகு அவள் கை, மறுபடி மற்றவர்கள் கை. சில்லறைத் தொந்தரவுகள் இருந்தன. காவலாளியின் முறைக்குப் பின் அவளுக்குச் சிகரெட் கேட்கும். மாணவர்கள் முறைக்குப் பின் தேர்வு பயம் வரும். "ஒழுங்காப் படிங்கப்பா, எனக்கு வயித்தக் கலக்குது" என்பாள்.

ஆறாவது வருஷம் மருந்து வந்தது. காய்ச்சல் வார்டில் அதை முதலில் குடித்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பசிக்குது என்றது. செய்தி வந்தபோது அவள் கை கூண்டுக்குள் இருந்தது.

"இன்னும் அரை டம்ளர்தான் பாக்கி அக்கா," என்றார் பேராசிரியை.

அவள் கையை வெளியே எடுத்தாள்.

"அது கெடக்கட்டும் மேடம். முட்டை போடுறதுங்ககிட்டப் புடுங்கக்கூடாது."

துணிக்குழாயின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டு, படியில் எங்கும் உட்காராமல் இறங்கிப் போனாள்.