இரண்டு நங்கூரம்

பாதி பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, மத்தியான வெளிச்சத்தில் சன்னலோரம் உட்கார்ந்து, அவள் கணவனின் சட்டைக் கையில் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கருநீலச் சீருடை. இடது கையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு நங்கூரம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளே வைத்துத் தைத்தது. எந்தக் காலத்திலும் விட்டுவிடக் கூடாதென்று இரட்டை நூல் போட்டு, மூலைக்கு மூலை முடிச்சிட்டிருந்தாள். "இவ்வளவு அழுத்தமாகவா தைப்பாய், பாழாய்ப்போனவளே" என்று இப்போது தன் கையையே திட்டிக்கொண்டாள். நாளைக் காலை அவன் ஒற்றை நங்கூரத்தோடு கப்பலுக்குப் போக வேண்டும்.

இரண்டு நங்கூரம் என்றால் கடற்படையில் பெட்டி ஆபீசர். அது என்ன பதவியென்று ஆரம்பத்தில் அவளுக்கும் விளங்கவில்லை. ஆபீசர் என்று பெயரில் இருக்கிறதே என்று பூரித்துப்போனாள். அவன் சிரித்தான். "மேல இருக்கறவர் உத்தரவு போடுவார். கீழ இருக்கற பசங்க வேலை செய்வாங்க. அந்த உத்தரவு வேலையா மாறுற இடம்தான் நான்" என்றான். அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது; மாலுமிகளோடும் சாப்பிடக் கூடாது. பதவி வந்த அன்றே தட்டைத் தூக்கிக்கொண்டு தனி அறைக்குப் போய்விட வேண்டும். ஒரே அறையில் படுத்தெழுந்த கூட்டாளிகள்கூட அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் தலையை நீட்டலாம். "துரைக்கு இனிமே எங்க சோறு தொண்டையில இறங்காதோ?" என்று கேலி பண்ணி அனுப்பினார்களாம். அன்றோடு அவன் பெயரும் போயிற்று. மேலே உள்ளவருக்கும் பி.ஓ., கீழே உள்ளவனுக்கும் பி.ஓ. குடியிருப்பில் அவள் பி.ஓ. அக்கா ஆனாள்.

"கப்பல்ல நீங்க யாரா வேணா இருங்க. இங்க நான்தான் கேப்டன். போய் வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்பாள். "சரிங்க கேப்டன்" என்று விறைப்பாக நின்றுவிட்டுப் பையை எடுப்பான். அப்படியும் சிரித்த வீடுதான், பாருங்கள்.

அந்தப் பதவியின் உயிர் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. பி.ஓ. "பார்த்தாச்சு" என்று சொன்னால் அதிகாரி மறுபடி போய்ப் பார்க்க மாட்டார். கையெழுத்துப் போட்டுவிடுவார். அதுதான் அவனுக்குக் கொடுத்த மரியாதை, வேறொன்றுமில்லை.

கப்பலின் அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. பல நாள் மூடிக்கிடந்தால் உள்ளே துரு பிடித்துக் காற்று செத்துப்போகும். ஆள் இறங்குமுன் காற்றை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கருவி வைத்த ஸ்டோர் அறையைச் சாப்பாட்டு நேரமென்று பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முந்தின நாள் பக்கத்துத் தொட்டியில் அவனே இறங்கி ஏறியிருந்தான், ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் "பார்த்தாச்சு சார்" என்றான். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஏணியில் இறங்கினான். அப்புறம் அவனைக் கயிறு கட்டித்தான் மேலே தூக்கினார்கள்.

விசாரணையில் அவன் எதையும் மறைக்கவில்லை. அதிகாரிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவனுக்கு ஒரு படி இறக்கம். இத்தோடு விட்டார்களே என்று எல்லோரும் சொன்னார்கள். நாளையிலிருந்து அவன், தானே வேலை கற்றுக்கொடுத்த பையன்களின் வரிசையில் தட்டோடு நிற்க வேண்டும். அந்த வரிசையில் ஓர் இடம் காலி.

வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டுக்காரி.

"பி.ஓ. அக்கா, இந்தாங்க உங்க சுத்…" பாதியில் நின்றது. சுத்தியலை நிலைப்படியருகே வைத்தாள். "என் வாயில தீயை வைக்க. பழக்கதோஷம்க்கா."

"அதனால என்ன, உள்ள வா."

"இல்லக்கா, அடுப்புல சோறு வெச்சிருக்கேன்." போய்விட்டாள். நாலு மணிக்கு யார் வீட்டில் சோறு வேகிறது என்று இவளும் கேட்கவில்லை.

நாலு மணி. ஞாயிற்றுக்கிழமை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். செத்துப்போன பையனின் அப்பா ஞாயிறு தவறாமல் இந்த நேரத்துக்குப் போன் பண்ணுவார். பஸ் ஓட்டுகிற மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு டிப்போவிலிருந்து பேசுவார்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க" என்றாள் அவள். "அத்தனை பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டீங்களே. பெத்தவர்கிட்ட சொல்ல வேணாமா?"

"சொல்லிடறேன். இன்னிக்குச் சொல்லிடறேன்."

மணி அடித்தது. எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு ஒரு காது மந்தம்; எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான்.

"பி.ஓ. ஐயா, சௌக்கியங்களா?"

"இருக்கேங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"எங்கங்க, தூங்கவே மாட்டேங்கறா. ஆபீஸ்லேருந்து காகிதம் வந்துச்சு. விபத்துன்னு ஒரு வரிதான் போட்டிருக்காங்க. அதை வெச்சுக்கிட்டு, புள்ளையைப் பார்க்காம கொள்ளாம இறக்கி விட்டுட்டாங்களோன்னு ராத்திரியெல்லாம் புலம்பறா. நான் அதட்டிட்டேன். 'எங்க பி.ஓ. பார்க்காம ஒருத்தனையும் விடமாட்டாரு'ன்னு அவனே போன்ல எத்தனை தடவை சொல்லியிருக்கான்! இந்தா, பக்கத்துலதான் நிக்கறா, இங்கேயே கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவ தூங்கிடுவா ஐயா."

பின்னால் ஏதோ பஸ் உறுமி அடங்கியது. ஒரு பெண்ணின் மூச்சு போனுக்கு மிக அருகில் கேட்டது.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் பிளேடைக் கீழே வைத்துவிட்டாள். சொல்லுங்கள் என்று தலையசைக்கத்தான் நினைத்தாள், கழுத்து அசையவில்லை.

"பார்த்தாச்சும்மா" என்றான்.

அந்தப் பக்கம் அழுகை உடைந்தது. "கேட்டுக்கிட்டியா, கேட்டுக்கிட்டியா" என்று பெரியவரின் குரல். "நீங்க நல்லா இருக்கணும் ஐயா. அடுத்த பதவியும் சீக்கிரம் வரணும்."

போனை வைத்தவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் பிளேடைக் கையில் எடுத்தாள்.

கடைசி முடிச்சு அறுந்து நங்கூரம் இரண்டும் கையோடு வந்தன. ஒன்பது வருஷ வெயிலில் சட்டைத் துணி வெளுத்திருந்தது. அவை மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றிருந்த கருநீலத்தில், இரண்டு நங்கூரமாகவே, அச்சுப் பிசகாமல் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். இன்னும் பளிச்சென்று ஆயிற்று. ஒற்றை நங்கூரத்தை அதன்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் மற்றொன்றின் கொக்கி ஓரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. ஊசியில் நூல் கோத்து, அப்படியே தைக்கத் தொடங்கினாள், இந்த முறை ஒற்றை நூலில்.