சூடான பானெட்

காரைப் பார்க்க கொரின் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, கைகொடுத்த கையோடு காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

“சூடா இருக்கே.”

“காலைல ஒரு சுத்து போயிட்டு வந்தேன்.”

“வாங்கறவ வர்ற அன்னிக்கா?”

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பவன் செய்யவே கூடாத காரியம் அது. ஆறிக் கிடக்கும் எஞ்சினை வாங்குபவர் கண்ணெதிரேதான் கிளப்ப வேண்டும். புகை, எஞ்சின் தட்டும் சத்தம், தயக்கம் எல்லாம் அந்த முதல் நிமிடத்தில்தான் வெளிப்படும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பவன் எதையோ மறைக்கிறான். நானே அப்படி இரண்டு கார்களை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு இந்தக் கிளட்ச்சை மிதிப்பது பெரும்பாடு; அதனால்தான் விற்கிறேன். கடைசியாக ஒருமுறை ஏரிக்கரைச் சாலையில் ஓட்ட நினைத்தேன். அதைச் சொன்னால் பொய் போலத்தான் இருக்கும், சொல்லவில்லை. விசாரித்த பதினோரு பேரில் ஓட்டுவதற்காகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் போர்த்தி மூடிவைத்து விலை ஏறக் காத்திருப்பவர்கள். இவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்றிருந்தது.

“ஆறட்டும். காத்திருக்கேன்,” என்றாள்.

என் மனைவி லோர்னா காபி கொண்டுவந்தாள். “நாலு மணி நேரம் ஆகும்மா. இவரோட அவ்வளவு நேரம் உக்காந்தா எஞ்சின் மட்டுமா, நீயும் ஆறிப்போயிடுவ.”

கொரின் சிரித்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காரின் பழுதுபார்ப்பு ரசீதுகளைப் புரட்டத் தொடங்கினாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் நாலாயிரம் டாலருக்கு வாங்கியது. நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வக்கில்லாதவன் வாங்குவது என்று நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கேலி செய்தார்கள். மழையில் ஓட்டினேன். உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினேன். பிறகு இதேபோல் ஒன்று ஏலத்தில் இருபத்தாறாயிரத்துக்குப் போனது. அன்று முதல் கடைவாசலில் இதை நிறுத்தவில்லை. மேகம் கறுத்தால் வெளியே எடுக்கவில்லை. கார் என்னவோ அதே பழைய கார்தான்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு ரசீதில் அவள் விரல் நின்றது.

“வெண்டல், டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?”

“அது புதுசுதான். ரெண்டாயிரம் மைல்கூட ஓடல.”

“ஓடலதான். தேதியப் பாருங்க. ஒன்பது வருஷம்.”

ரசீதை வாங்கிப் பார்த்தேன். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் அந்த ரப்பர் பட்டை ஓடாமல் கிடந்தாலும் கெட்டுப்போகும். நாலைந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் மைல்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். ஓட்டாத நாட்கள் கழிந்த நாட்களாகத் தோன்றவில்லை. இந்த எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். எஞ்சின் அவ்வளவுதான்.

“இதோடயா காலைல ஓட்டினீங்க? எவ்வளவு வேகம்?”

“எழுபது மைல்.”

“பைத்தியமா உங்களுக்கு?” என்று கேட்டவள், ரசீதை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். “சரி, தெரிஞ்சு மறைக்கிறவன் அப்படி ஓட்டமாட்டான்.”

இரண்டு மணிக்கு பானெட் சில்லிட்டிருந்தது. சாவிக்காகக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

“பெல்ட் மாத்தாம இனி யாரும் கிளப்பக்கூடாது.”

“எஞ்சின் சத்தம்கூடக் கேக்காம வாங்கணுமாக்கும்?”

“வாங்காட்டியும் பரவாயில்ல.”

சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

அவள் காரை இரண்டு முறை சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். “பெல்ட், தண்ணி பம்ப், கூலி. ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க. சனிக்கிழமை டிரெய்லரோட வரேன்.”

“சரி.”

சனிக்கிழமை அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, லோர்னாவும் நானும் காரைப் பின்னாலிருந்து டிரெய்லர் வரை தள்ளினோம்.

“இவ்வளவு கனமாங்க இது?” என்றாள் லோர்னா, மூச்சு வாங்க.

இத்தனை வருடத்தில் அதைத் தள்ள நேர்ந்ததே இல்லை என்றேன்.