பாதி மூடிய கண்

எங்கள் ஊர் நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை உள்ளூர் ஓவியரை அழைத்து, அவர் கடந்து வந்த பாதையைப் பேசச் சொல்வோம். டென்மார்க்கின் மேற்குக் கரையில் சின்ன ஊர் எங்களுடையது. ஓவியர் என்று சொல்லிக்கொள்ள இரண்டே பேர். இருவருக்கும் ஆகாது. அதனால் ஒரு வருடம் தோர்கில், மறு வருடம் போடில் என்று சமாளித்துவந்தோம். போன இலையுதிர் காலத்தில், புதிதாக வந்த நூலக மேலாளர் விவரம் தெரியாமல் இருவரையும் சேர்த்து அழைத்துவிட்டார். காபிக்கும் கேக்குக்கும் பொறுப்பு நான்.

தோர்கில் வரைவது முகங்கள். யாருடைய முகமானாலும் இடது கண் பாதி மூடியிருக்கும். அதைப் பற்றி கோபன்ஹேகன் பேராசிரியர் ஒருவர் தனிப் புத்தகமே போட்டிருக்கிறார். நகர மன்றத்தில் மாட்டியிருக்கும் மேயர்கள் அத்தனை பேரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதும் இதனால்தான்.

போடில் அவரைவிட வயதில் மிக மூத்த பெண்மணி. மரப்பலகையில் செதுக்கி அச்செடுப்பார். கறுப்பு, வெள்ளை, சதுரம், கோடு, அவ்வளவுதான். ஊர் அவற்றை மிகுந்த மரியாதையோடு வாங்காமல் விட்டது. "திரைச்சீலைக்கு நல்ல டிசைன்" என்று தோர்கில் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"எது உங்களை ஓவியராக்கியது?" என்று மேலாளர் ஆரம்பித்தார். தோர்கில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ நான் சின்னப் பையன். அப்பா படகுல போனவர் திரும்பி வரல. வீட்ல யாரும் பேசிக்கிறதில்ல. சாப்பாட்டு மேசைல கானாங்கெளுத்தி மீன் டப்பா இருக்கும். அதுல முக்காடு போட்ட மீன்காரி படம். ஒரு கண்ணு பாதி மூடியிருக்கும். கடல் யார் யாரைக் கொண்டுபோச்சுன்னு தெரிஞ்ச கண்ணு அது. அதை வரைஞ்சவன் யாருன்னு தெரியாது. ஆனா அவன்தான் என் குரு."

அந்த டப்பா இல்லாத சமையலறை எங்கள் ஊரில் கிடையாது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"வரைஞ்சவன் இல்ல, வரைஞ்சவ," என்றார் போடில். "நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தோர்கில் முகம் சிவந்தது. "எதை வேணா கிண்டல் பண்ணுங்க போடில், இதை மட்டும் விட்டுடுங்க."

"கிண்டல் இல்லப்பா. படிக்கிற காலத்துல அந்த மீன் ஆலைக்கு வரைஞ்சு குடுத்தேன். எங்க தோரா அத்தையைத்தான் உக்காரவெச்சேன். அன்னிக்குன்னு பாத்து அத்தைக்குக் கண்கட்டி. ஆலைக்காரங்க அவசரப்படுத்தினாங்க. கட்டி உடையற வரைக்கும் காத்திருக்க முடியல."

"கண்கட்டியா?" என்றார் தோர்கில்.

"சீழ் கோத்திருந்துச்சு, பாவம்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கேட்டார்.

"மீன் டப்பாவுக்குப் படம் போட்டவள்னு தெரிஞ்சா என் படத்தையெல்லாம் யாரும் மதிக்க மாட்டாங்கன்னு மறைச்சேன். தெரியாமலும் யாரும் மதிக்கல, அது வேற விஷயம்."

பேச்சு முடிந்ததும் மீன்காரியை வரைந்து தரச் சொல்லி, காகிதக் கைக்குட்டையும் கையுமாகக் கூட்டம் போடிலை மொய்த்தது. நூலகச் சுவரிலேயே தொங்கிய அவருடைய செதுக்குப் படங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் வரைந்து கொடுத்தார்.

தோர்கில் கோட்டைக்கூட மறந்துவிட்டு வெளியே போயிருந்தார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். மழைத் தூறலில் சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே போடிலும் வந்தார்.

"கோபமா?"

"வாழ்நாள் பூரா கண்கட்டியை வரைஞ்சிருக்கேன் போடில்."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. உன்னை ஓவியனாக்கின பழி என் தலைல விழுந்துச்சே, என் வருத்தத்தை யார்கிட்ட சொல்ல?"

தோர்கில் சிரித்துவிட்டார். மழையில் நனைந்தபடி இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தோர்கில் தன்னை வரையட்டும் என்று போடில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தார், இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டு. தோர்கிலின் கை பழக்கத்தில் இமையை இறக்கிவிடும். சுரண்டிவிட்டு மறுபடி வரைவார். வசந்தத்தில் முடிந்தது. அவர் வரைந்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய படங்களை விற்கும் கோபன்ஹேகன்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாராம். "படம் அருமை. யார் வரைஞ்சது?"

படம் விலைபோகாமல் திரும்பி வந்து இப்போது போடிலின் சமையலறையில் தொங்குகிறது. சனிக்கிழமைகளில் தோர்கில் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். போடிலின் செதுக்குப் படங்களைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை.