சாலையில் நெல், நெல்லோரம் கல்

1

அங்கே இருந்தவர்கள்: செவ்வந்தி, பிளஸ் டூ படிப்பவள். அவள் வகுப்பு ராஜராஜன், அவனுடைய சித்தப்பாவின் பைக்கோடு. அவனுக்குப் பின்னால் அறிவுச்செல்வன். அவனுக்கும் பின்னால் செம்மொழி. செவ்வந்தியின் அப்பா வைரக்கண்ணு, தார்ச்சாலையில் காயும் நெல்லைக் காலால் கிளறியபடி.

இல்லாதவள்: ஷம்சாத். அதே வகுப்பு. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தொடை எலும்பில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறாள்.

இந்தக் கதையை நான் விரும்பித் தொடங்கவில்லை. நான் இரவு வேலை பார்க்கும் பெட்ரோல் பங்குக்கு வந்த அனுராதா டீச்சர், "நீங்க எழுதுவீங்களாமே. வண்டியப் பாத்து ஓட்டுங்கடான்னு பசங்களே பசங்களுக்குச் சொல்ற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். பள்ளி மேடையில் ஒரு மாணவர் வாசிக்க வேண்டுமாம். முதலில் எழுதியது இது:

*இளைய சமுதாயமே! உன் கையில் இருப்பது வெறும் ஆக்சிலரேட்டர் அல்ல, நாளைய*

அடித்துவிட்டேன். பதினேழு வயதில் என் முன்னால் யாராவது இதை வாசித்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். (பள்ளிக்கூடத்தை விட்டே போனேன். அது வேறு காரணம்.)

2

இரண்டாவது தொடக்கம்:

*அன்று சாயங்காலம் ஷம்சாத் ஸ்கூட்டியில்*

இதையும் விட்டேன். விபத்தில் தொடங்கினால் ரத்தம் எப்போது வரும் என்றுதான் கேட்கிறவர்கள் காத்திருப்பார்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

குறுவை அறுப்பு. ஈரமான நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயவைக்க ஊர்க் களம் போதாது. அதனால் சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளுவார்கள். கல்லை அள்ள மாட்டார்கள், மறுநாளும் வேண்டுமே. நெல் இல்லாத சாலையில் கல் மட்டும் நிற்கும். ஷம்சாத் அப்படி ஒரு கல்லில் மோதி விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். அதனால்தான் ஆஸ்பத்திரியோடு போயிற்று.

(டீச்சர், கடைசி இரண்டு வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.)

அதற்குப் பிறகு செவ்வந்தி தினமும் காலையில் பள்ளிக்குப் பக்கத்து பேக்கரி வாசலில் நின்றாள். பையன்கள் திருட்டுத்தனமாக பைக் நிறுத்தும் இடம் அது. மூன்று பேராக வந்தால், "ஒருத்தன் எறங்கி என்கூட நட" என்பாள். சிலர் நடந்தார்கள். மற்றவர்கள் அவளுக்கு ஆர்டிஓ என்று பெயர் வைத்தார்கள்.

3

அன்று பள்ளி விடுமுறை. செவ்வந்தி வீட்டு வாசலை பைக் கடக்கப் பார்த்தது. அவள் குறுக்கே வந்து நின்றாள். ஒரு பக்கம் நெல், எதிரே அவள். ராஜராஜன் பிரேக் பிடித்தான்.

"ஆர்டிஓ மேடத்துக்கு லீவு நாள்லயும் டூட்டியா?" என்றான் அறிவுச்செல்வன்.

"எங்க போறீங்க?"

"பேராவூரணி. கபடி. நாங்க போய் எறங்கலன்னா டீமே இல்ல."

"ஹெல்மெட் எங்க?"

"முடி கலைஞ்சிரும்டி."

"கபடி ஆடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா? பஸ்ஸு இப்ப வரும். மூணு பேரும் அதுல ஏறிப் போங்க."

ராஜராஜன் சிரிக்கவில்லை. "ஷம்சாத் என்ன மூணு பேரா போனா? தனியாத்தான் போனா. ஹெல்மெட் போட்டிருந்தா. வேகமாவும் போகல. அப்புறம் ஏன் விழுந்தா? யாரு வச்ச கல்லு அது? சொல்லு பாப்போம்."

நெல்லில் வைரக்கண்ணுவின் கால் நின்றது.

என் எழுத்தும் இங்கே நின்றது. இதுவரை செவ்வந்தி எனக்குப் பிடித்த பெண். இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அது அவள் வீட்டுக் கல் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். முதல் நாளே தெரியும். பேக்கரி வாசலில் ஊர்ப் பிள்ளைகளிடம் பேசிய வாய், சொந்த வாசலில் அப்பாவிடம் பேசவில்லை. அவளை மாற்றி, ஒன்றும் அறியாத பெண்ணாக எழுதிவிடலாமா என்று பார்த்தேன்.

*கல் யாருடையது என்று செவ்வந்திக்கு அப்போதுதான்*

பொய். அடித்துவிட்டேன். தெரிந்தவளாகவே இருக்கட்டும். இனிமேல் என்ன செய்கிறாள் என்பதுதான் கேள்வி.

4

அவள் திரும்பினாள். "அப்பா, கல்ல எடுத்துடலாம்ப்பா."

"எடுத்துட்டு? பஸ்காரன் நெல்லு மேலயே ஏத்திட்டுப் போவான். நொறுங்குனத நீ கொண்டுபோய் விப்பியா?"

"சாக்குல வைக்கோல் அடைச்சு வைப்போம். பஸ்ஸுக்குத் தூரத்துலயே தெரியும். வந்து முட்டுனாலும் எலும்பு உடையாது."

"ஊர்ல எல்லாரும் கல்லுதான் வச்சிருக்கான். எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நம்ம வாசல்ல கல்ல வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட பேசறது? இவன் கேட்டான்ல?"

வைரக்கண்ணு ராஜராஜனை முறைத்தார். அப்புறம் நெல்லைப் பார்த்தார். ஷம்சாத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. "ரோட்டோரம் போடாத. எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். கொட்டகைக்குள்ள அடுக்கு" என்று சொல்லிவிட்டுச் சாக்கு எடுக்கப் போனார்.

செவ்வந்தி பைக் பக்கம் வந்தாள். "வாய் பேசுனல்ல? எறங்கு. ஒரு கல்லத் தூக்கு."

ராஜராஜன் இறங்கினான். மற்ற இருவரும் இறங்கினார்கள். கேட்டவனே தூக்காமல் போனால் அசிங்கம்.

(செம்மொழி இந்தக் கதையில் பேசவே மாட்டான். எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவனை எடுத்தால் பைக்கில் இரண்டு பேர்தான் இருப்பார்கள், கதையே இருக்காது. தவிர, பெரிய கல்லையெல்லாம் தூக்கியது அவன்தான்.)

கல் எல்லாம் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் போயிற்று. ராஜராஜன் கையைப் பேண்டில் துடைத்தான்.

"அதான் கல்லு போயிருச்சே. இப்ப போலாம்ல?"

அறிவுச்செல்வன் விழுந்து விழுந்து சிரித்தான்.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில், மனம் மாறி மூவரும் பஸ் ஏறுகிறார்கள், டீச்சருக்குப் பிடிக்கும். இன்னொன்றில், மூவரும் பைக்கில் போகிறார்கள், சாயங்காலம் விபத்துச் செய்தியோடு வைரக்கண்ணுவின் போன் அடிக்கிறது, மேடைக்கு எடுபடும். முதலாவதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

செவ்வந்தி அடுத்து என்ன செய்தாள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதோடு நிறுத்துகிறேன். வாசிக்கிற தம்பியோ தங்கச்சியோ, நீயும் அதோடு நிறுத்து. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துக் கேள்: மூணு பேரும் பஸ்ஸுல ஏறுனாங்களா? நீங்களா இருந்தா? பதில் வருகிறவரை மேடையை விட்டு இறங்காதே.

பைக்கில் சாவி இருந்தது. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் செவ்வந்தி ஸ்டாண்டைத் தள்ளி, வண்டியைக் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"ஏய்! சித்தப்பா வண்டிடி அது!"

"சித்தப்பாவ வந்து எடுத்துக்கச் சொல்லு. லைசென்ஸோட."

வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அறிவுச்செல்வன் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தான். ராஜராஜன் கொட்டகையை நோக்கி ஓடி வந்தான்.

வெளியே பூட்டினால் பூட்டை உடைத்து வண்டியை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அறுப்புக் காலத்தில் நெல் மூட்டைக்குக் காவலாக வைரக்கண்ணு படுக்கும் இடம் அது. உள்பக்கமும் கொக்கி உண்டு, பூட்டும் உண்டு. செவ்வந்தி வண்டியோடு உள்ளே போனாள். தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டினாள்.